ஏறலீங்க

தை மாதத்து வெயிலில் எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தபோது, சசிகலாவுக்குப் பின்னால் அவள் புருஷனின் குரல் கேட்டது.

"ஏறலீங்க... ஏறவே மாட்டேங்குதுங்க... ஏறலீங்க!"

கையிலிருந்த பலகையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினாள். மாதேஷ் அங்கே இல்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சிங்கராயர் நாற்காலியில் சாய்ந்து, கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்கம்மா எல்லாரும். எம் பொண்ணு காலேஜ்ல இருந்து அனுப்பிச்சிருக்குது. சேலமே இதைப் பாத்துத்தான் சிரிக்குதாம்."

களத்தில் இருந்த நான்கு பெண்களும் போய்க் குனிந்து பார்த்தார்கள். சசிகலாவும் பார்த்தாள். ஒன்பதோ பத்தோ நொடிதான் இருக்கும். மழை. செம்மண் சரிவு. பின்பக்கம் தார்ப்பாய் இறக்கிக் கட்டிய ஒரு ஜீப், சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் தலை முதல் கால் வரை சேறு பூசிய ஓர் ஆள். மேலேயிருந்து யாரோ "என்னாச்சு, ஏறுதா?" என்று கத்துகிறார்கள். அவன் அண்ணாந்து பார்த்து, "ஏறலீங்க" என்கிறான். சொல்லும்போதே கால் வழுக்கிப் பொத்தென்று உட்காருகிறான். எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டு, மறுபடியும் அதையே சொல்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மேளம் அடிக்கிறது. மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் அவன் விழுகிறான், எழுகிறான், விழுகிறான், எழுகிறான். கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பையன் பரீட்சைத் தாளைக் காட்டி, "மேத்ஸு ஏறலீங்க" என்று கும்பிடுகிறான்.

யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ரைட்டரய்யா, அதை அமத்துங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி.

"ஏம்மா, என்ன?"

"அமத்துங்கன்னா அமத்துங்க. அந்த ஜீப்புக்குள்ள படுத்துக் கெடந்தது இவதானுங்க."

சிங்கராயர் நல்ல மனுஷர். முகம் வெளிறிப்போயிற்று. "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அதன் பிறகு அந்த வாரம் முழுக்கச் சசிகலாவின் முகத்தைப் பார்க்காமல்தான் ஆள் கணக்கு எழுதினார். ஆனால் அவர் ஒருவர் கைப்பேசியை அணைத்ததால் என்ன ஆகப்போகிறது?

அது நடந்தது ஐப்பசியில். சசிகலாவுக்கு எட்டாம் மாதம். அவர்கள் ஊரான பலாக்காடு, ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்துத் தார்ச்சாலையிலிருந்து கீழே இறங்கும் மண்தடத்தின் முடிவில் இருக்கிறது, நாற்பது வீடு. மூன்று நாளாக விடாமல் மழை. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு எழுந்தபோது அவளுக்கு இடுப்பு வெட்டியது. கொஞ்ச நேரத்தில் புடவையில் உதிரம். பாப்பாத்திதான் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டாள். ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். அது வந்தது, வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தார்ச்சாலையில் வந்து நின்று, இந்தத் தடத்தில் இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்றார்கள். அதுவும் உண்மைதான். அதனால் மாதேஷ் தன் சவாரி ஜீப்பின் பின்னால் பாயை விரித்து, அவளைப் படுக்கவைத்து, மழை அடிக்காமல் தார்ப்பாயை இறக்கிக் கட்டினான். பாப்பாத்தி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது.

சசிகலாவுக்கு ஞாபகம் இருப்பது சத்தங்கள்தான். சக்கரம் சும்மா சுற்றுகிற சத்தம். கதவு திறந்து மூடுகிற சத்தம். மேலே சாலையில் மாரமங்கலம் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றதால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்களின் பேச்சு. பிறகு, மாதேஷின் குரல். அவன் அப்படிக் கெஞ்சி அவள் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் நாலு பேர் போர்வையில் தூளி கட்டி அவளை மேலே தூக்கிப் போனார்கள். ஆம்புலன்சில் சேலம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பெண் குழந்தை. அழவில்லை.

மேலே நின்றவர்களில் ஒருவன் எடுத்த படம்தான் அது. அவனுக்கு ஜீப்புக்குள் ஒருத்தி கிடந்தது தெரிந்திருக்காது. தெரிந்திருக்காது என்றுதான் சசிகலா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

களத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் மாதேஷ் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க, உங்களை போன்ல போட்டிருக்காங்க. தெரியுமுங்களா?"

அவன் துணியைப் பிழிந்தான். "கார்த்திகையிலயே தெரியும்."

"எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி?"

அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஏற்காட்டில் ஏரிக்கரையிலிருந்து ஒரு கூட்டம் காலேஜ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். மேடு வந்ததும் கியர் மாற்றினான். பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணா, ஏறுமா, இல்ல ஏறலீங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவனும் என்னவென்று தெரியாமல் சிரித்திருக்கிறான். இறங்குகிற இடத்தில் காட்டினார்கள். படத்தில் சேறு பூசியிருந்ததால் அவன் முகம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அந்தச் சொல் எங்கே பார்த்தாலும் இருந்தது. பாடம் புரியாவிட்டால் ஏறலீங்க. போனில் சார்ஜ் நிற்காவிட்டால் ஏறலீங்க. ஒருத்தி திரும்பிப் பார்க்காவிட்டால், ஒருவன் சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காவிட்டால், ஏறலீங்க. மந்தமான பையனுக்கு 'ஏறலீங்க கேஸ்' என்று பெயர். கடைவீதியில் அந்த எழுத்துப் போட்ட பனியன் தொங்கியது. மலைக்குக் கீழேயிருந்து வருகிற பிள்ளைகள் அந்த 'ங்க'வைத்தான் இழுத்து இழுத்துச் சொன்னார்கள். அதில்தான் அவர்களுக்கு வேடிக்கை. உயிர் போகிற நேரத்திலும் ஒருவன் மரியாதை விடாமல் பேசினான் பார், அதுதான் சிரிப்பாக இருக்கிறது இவர்களுக்கு என்று சசிகலா நினைத்தாள். தன்னைக் கேலி செய்திருந்தால் கூட இவ்வளவு கசந்திருக்காது.

மாசியில் ஒருவன் குரலை வைத்து மாதேஷைக் கண்டுபிடித்துவிட்டான். மாதேஷ் போனில் யாரிடமோ, "மழைனா அந்தத் தடத்துல ஏறாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அப்புறம் யாரும் விடவில்லை. சுற்றுலாப் பேருந்து நிற்கிற இடத்தில் அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஏரிப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் மேனேஜராக இருந்த சேகர் வீடு தேடி வந்தான். வெள்ளைச் சட்டை, நல்ல வாசனை, தன்மையான பேச்சு.

"மாதேஷ், ஊர் உன்னைப் பத்திப் பேசுது, நீ மூஞ்சியை மறைச்சுட்டுத் திரியறே. எங்க கெஸ்ட்டுங்களை நீயே ஓட்டு. தினம் ஓட்டம் இருக்கும். போட்டோ எடுக்கக் கேட்டா எடுத்துக்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

மாதேஷ் சசிகலாவைப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று அவள் வாயால் சொல்லவில்லை. பின்னாளில் அதை நினைத்து நினைத்து நொந்துகொண்டாள்.

மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடே நிரம்பியிருந்தது. சசிகலா மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போனாள். ஏரி முனையில் கூட்டம். ஜீப்பின் கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருந்தது: ஏறலீங்க. அதன் முன்னால் மாதேஷ். வெளுத்த சட்டை, கூலிங் கிளாஸ். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"அண்ணா, ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி!"

மாதேஷ் அண்ணாந்து பார்த்தான். முகத்தைக் கோணலாக்கினான். "ஏறலீங்க" என்றான். காலை இழுத்து விழுவதுபோல் பாவனை செய்து, எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டான். கூட்டம் ஓவென்று கத்தியது. ஒரு சின்னப் பெண்குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி அவனைப் பார்த்துக் கும்பிட்டது. அவன் அதன் கன்னத்தைக் கிள்ளினான்.

சசிகலா மருந்து வாங்காமலே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "வந்திருந்தியா?" என்று கேட்டான்.

"கும்பிட்டீங்களே, அதுவும் அதே மாதிரியே கும்பிட்டீங்களே. எப்படி முடியுதுங்க உங்களால?"

"பொழப்பு புள்ள."

"பொழப்பு முன்னாலயும் இருந்துச்சு. பஞ்சத்துல கெடந்தமா?"

அவன் கையைக் கழுவிவிட்டு, போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டான். அன்றிலிருந்து இருவரும் வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். உப்பு, தண்ணீர், பஸ் நேரம், ரேஷன். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு பெண் வந்தாள். ஆஷ்லின் என்று பெயர். சேலத்துப் பெண்தான்; ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள்; இப்போது சென்னையில் ஒரு யூடியூப் சேனலில் வேலை. பிள்ளைகள் வாயில் புழங்குகிற வார்த்தைகள் எங்கே பிறந்தன, எப்படிப் பரவின என்று வாரம் ஒரு வார்த்தையாகச் சொல்கிற நிகழ்ச்சியாம். கூட ஒருவன் கேமராவோடு வந்தான். சேகர்தான் வழிகாட்டி அனுப்பியிருந்தான். வாசலில் நாற்காலி போட்டார்கள். மாதேஷின் சட்டையில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினார்கள்.

"அண்ணா, இந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மாதேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். ஜீப் நிறையப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினானாம். மழையாம். வளைவில் வண்டி நின்றதும் பின்பக்கம் திறந்துகொண்டு பழமெல்லாம் ஒவ்வொன்றாக உருண்டு பள்ளத்துக்குப் போயிற்றாம். மேலேயிருந்து ஆபீசர் மாதிரி ஒருத்தர் ஏறுதா என்று கேட்டாராம். "நான் அவரைப் பாக்கறதா, பழத்தைப் பாக்கறதா சொல்லுங்க!" ஆஷ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். கேமராக்காரனும் சிரித்தான். எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய கதை அது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையைத் தட்ட வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சசிகலா காப்பி கொண்டுவந்தாள். ஐப்பசியில் பலாப்பழம் ஏது என்று கேட்கக்கூட இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபடி டம்ளரை நீட்டினாள். ஆஷ்லின் அதை வாங்கிக்கொண்டு, சிரிப்பு அடங்காமலே கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஜீப்புக்குள்ள."

"ஐயோ, பலாப்பழத்தோடயா?"

சசிகலா தட்டைத் தரையில் வைத்தாள். மாதேஷ், "நீ உள்ள போ" என்றான். அவள் போகவில்லை.

"பழம் ஒண்ணும் இல்ல கண்ணு. நான்தான் இருந்தேன். எட்டு மாசம். வயித்துல புள்ளை இருந்துச்சு."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. இடுப்பு வலித்ததிலிருந்து, தூளி கட்டித் தூக்கியதிலிருந்து, குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தது வரைக்கும் சொன்னாள். பெண் குழந்தை, தலை நிறைய முடி என்றாள். அழுகை வரவில்லை அவளுக்கு. பேசப் பேச வேகம்தான் வந்தது. அந்த வேகத்தில், சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைத்திராத ஒன்றையும் சொல்லிவிட்டாள்.

"ஃபோர் வீல் கியர் வேலை செய்யாம ஒரு மாசமாச்சு. புள்ளைத்தாச்சி ஊட்டுல இருக்கறேன், சரி பண்ணி வைங்க, சரி பண்ணி வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னாரு. அது இருந்திருந்தா ஏறியிருக்கும்."

மாதேஷ் சட்டையிலிருந்த மைக்கைப் பிடுங்கி நாற்காலியில் வைத்தான். எழுந்து தடத்தில் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஷ்லின் அழுதுகொண்டிருந்தாள். மெய்யாகவே அழுதாள், மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. சசிகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது யாருக்குமே தெரியாதுக்கா. இதைத் தெரிய வைக்கணும். இனிமே ஒருத்தர்கூட அந்த வார்த்தையைச் சிரிச்சுட்டுச் சொல்லக்கூடாது" என்றாள்.

சசிகலாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. "கண்ணு, அந்தக் கியர் பேச்சை மட்டும் எடுத்துருங்க. கோவத்துல வந்துருச்சு. அது எங்க ஊட்டுக்குள்ள இருக்கற பேச்சு" என்றாள்.

"கண்டிப்பா எடுத்துடறேன்க்கா. ப்ராமிஸ்."

பத்து நாள் கழித்து வீடியோ வந்தது. பாப்பாத்தி மகளின் போனில்தான் சசிகலா பார்த்தாள். முதல் காட்சியே அவள் முகம். "சரி பண்ணி வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அது இருந்திருந்தா ஏறியிருக்கும்." அந்த இடத்தில் திரை கறுப்பாகி, தலைப்பு வந்தது. பிறகு சோகமாக ஒரு புல்லாங்குழல். அந்தப் பழைய படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். மாதேஷ் மெதுவாக விழுந்தான், மெதுவாக எழுந்தான், மெதுவாகக் கும்பிட்டான்.

அவள் அதே போனில் ஆஷ்லினைக் கூப்பிட்டாள். நாலு தடவை கூப்பிட்ட பிறகு எடுத்தாள்.

"அக்கா, நான் எடுத்துட்டுத்தான் கொடுத்தேன். மேல இருக்கிறவங்க திரும்பச் சேர்த்துட்டாங்க. முதல் பத்து செகண்ட்ல ஆளை நிறுத்தலைன்னா யாரும் பார்க்க மாட்டாங்களாம். நான் சண்டை போட்டேன்க்கா."

"இப்ப எடுக்க முடியாதுங்களா?"

"இருபது லட்சம் பேர் பார்த்துட்டாங்க அக்கா."

சசிகலா பாப்பாத்தி மகளிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வாரம் ஊரில் ஆள் நடமாட்டம் இருந்தது. இரண்டு கட்சிக்காரர்கள் வந்து மண்தடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓர் அதிகாரி டேப்பைப் பிடித்து அகலம் அளந்துவிட்டுப் போனார். வீடியோவுக்குக் கீழே எழுதியவர்களில் பாதிப் பேர் சசிகலாவுக்காக வருத்தப்பட்டார்கள். மீதிப் பேர் மாதேஷைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற பிள்ளையைக் கொன்றுவிட்டு அதையே வித்தை காட்டிப் பிழைக்கிறவன் என்று எழுதினார்கள். இவர்கள்தான் ஆறு மாதமாக அவனை விழச் சொல்லிக் கைதட்டியவர்கள். இன்னும் சிலர், பணத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட நாடகம் என்றார்கள். அந்தம்மா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையே, பார்த்தீர்களா என்று ஒருவன் கேட்டிருந்தான்.

சேகர் போன் செய்தான். "தப்பா நினைக்காத மாதேஷ். இங்க வர்றவங்க சந்தோஷமா இருக்கத்தான் வர்றாங்க. உன்னைப் பார்த்தா அவங்களுக்குச் சங்கடம். கொஞ்ச நாள் போகட்டும்."

ஏரிக்கரையில் ஒரு வயதான அம்மாள் மாதேஷின் ஜீப்பிலிருந்து பேரப்பிள்ளைகளை இறக்கிக்கொண்டு போனாள். "இவன் வண்டியிலயா? அந்தக் குழந்தையை..." என்று பாதியில் நிறுத்தினாள். அன்றைக்கு அவன் நண்பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். கண்ணாடியிலிருந்த மஞ்சள் எழுத்தைக் கத்தியால் சுரண்டினான். பாதி வந்தது, பாதி வரவில்லை. சசிகலா பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் எடுக்கச் சொன்னனுங்க. எடுக்கறேன்னு அந்தப் புள்ள சத்தியம் பண்ணுச்சு."

"எடுத்திருந்தாலும் நீ சொன்னது சொன்னதுதானே."

"பொய்யைச் சொல்லலையே நான்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். வெகுநாளைக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தான்.

"பொய்யில்லை. எனக்குத் தெரியாதா பொய்யில்லைன்னு? அந்தக் கியரை நினைக்காம நான் ஒரு நாள் வண்டியில உக்காந்ததில்ல புள்ள. அந்தப் பலாப்பழக் கதையைச் சேகர் சொல்லிக் கொடுத்தப்ப எனக்கும் அருவருப்பாத்தான் இருந்துச்சு. ஆனா சொல்லச் சொல்ல எனக்கே பழம்னு ஆயிப்போச்சு. அந்த வளைவுல ஏத்தறப்ப பழம் உருள்றதுதான் கண்ணுல தெரிஞ்சுது. உன் சத்தம் கேக்கல. ஆறு மாசம் நான் நிம்மதியா வண்டி ஓட்டினேன். அதை நீ புடுங்கிட்டே."

"என்னையத் தூக்கிப் போட்டுட்டுப் பழத்தை வச்சுக்கிட்டீங்க. எனக்கு எந்தக் கதை இருக்குதுங்க, சொல்லுங்க? நான் எதைச் சொல்லிட்டுத் தூங்கறது? ஒரு நாள் கேட்டீங்களா?"

அவன் கேட்கவில்லைதான். அதை ஒத்துக்கொள்வதுபோல் தலையைக் குனிந்தான்.  அவளும் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கேட்டால் குழந்தையைத்தான் விட்டுக்கொடுக்கிறோம் என்று தோன்றியது. கேட்காமலே உள்ளே வந்தாள்.

புரட்டாசியில் அவன் ஜீப்பை மஞ்சக்குட்டை ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். சேலத்தில் ஒரு லாரி ஆபீசில் சேர்ந்தான். பெங்களூர், ஹூப்ளி என்று ஓட்டம். மாதத்துக்கு இரண்டு தடவை மலைக்கு வருவான். துணியைத் துவைக்கப் போடுவான், தூங்குவான், போய்விடுவான். ஊரில் யாரோடும் நின்று பேசுவதில்லை. பேசினாலும் 'வந்தேன், போறேன், இல்ல, ஆமா' என்று வெட்டி வெட்டிப் பேசினான். "உன் ஊட்டுக்காரனுக்குக் கீழ போனதுல இருந்து திமிராயிருச்சு. என்னையப் பாத்து 'வர்றேன்'ங்கறான், 'வர்றனுங்க'ன்னு வர மாட்டேங்குது" என்று பாப்பாத்தி குறைபட்டுக்கொண்டாள்.  அந்த 'ங்க' அவன் வாயில் எங்கே நின்றுபோயிற்று என்று சசிகலாவுக்குத் தெரியும்.

வீடியோவை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆஷ்லின் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினாள். அதோடு அவளும் நின்றுவிட்டாள். பனியன்கள் கடைவீதியிலிருந்து போய்விட்டன. அந்தச் சொல்லும் போயிருக்கும் என்று சசிகலா நினைத்தாள்.

மாசி மாதம் ஒரு நாள், ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம். அவள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று பெண்கள் நின்றார்கள். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற வயது. அதில் ஒருத்தி குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"நொம்ப வலிக்குதுடி" என்றாள்.

"ஏய், ஏறலீங்க போடாதடி" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

மற்றவள் சிரித்தாள். வலிக்கிறது என்றவள் சிரிக்க முயன்று, முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சசிகலாவுக்கு முதலில் புரியவில்லை. காது தப்பாகக் கேட்டதோ என்று நினைத்தாள். அதைச் சொன்னவளின் கையைத் தொட்டாள்.

"கண்ணு, இப்ப என்னமோ சொன்னீங்களே, அப்படின்னா என்ன?"

அந்தப் பெண் கொஞ்சம் வெட்கப்பட்டாள். மரியாதையான பெண்தான். "அது ஒண்ணுமில்லைங்க அக்கா. சும்மா பரிதாபமா நடிக்கறதுக்கு அப்படிச் சொல்லுவோம். அடுத்தவங்க ஐயோ பாவம்னு சொல்லணும்னு சீன் போடறது. அதுதான் ஏறலீங்க போடறது."

"முன்னாடி இதை வேற என்னத்துக்கோ சொல்லுவாங்களே?"

"புரியலைன்னா சொல்லுவாங்க. அது போன வருசங்கக்கா. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல."

"எங்க இருந்து வந்துச்சு இந்த வார்த்தை?"

அந்தப் பெண் தோழியைப் பார்த்தாள். தோழி உதட்டைப் பிதுக்கினாள். "தெரியலைங்க அக்கா. எல்லாரும் சொல்றாங்க, நாங்களும் சொல்றோம்."

பஸ் வளைவில் திரும்பியது. வலியில் நின்றவள் கம்பியை விட்டுத் தடுமாறினாள். சசிகலா எழுந்து, அவள் தோளைப் பிடித்துத் தன் இடத்தில் உட்காரவைத்தாள். "தலையைச் சாச்சுக்க சாமி" என்றாள். அந்தப் பெண் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற இருவரும் பரீட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

சசிகலா மாரமங்கலம் வரை நின்றுகொண்டே வந்தாள்.